கழுநீர்ப் பானையிலிருந்து கீரைப் பாத்திக்கு

மாடித்தோட்டம் போட்டிருக்கும் பல வீடுகளில் ஒரு பிளாஸ்டிக் புட்டி இருக்கும். வெங்காயத்தோலும் வாழைப்பழத்தோலும் அதில் ஊறிக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை அதிலிருந்து ஒரு மூடி எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து செடிக்கு ஊற்றுவார்கள். ரோஜாவும் கத்தரியும் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். கீரையால் முடியாது. விதைத்த 15-ஆம் நாள் அடியிலை வெளுக்கும், தண்டு நூலாக நிற்கும், 25-ஆம் நாள் பிடுங்கினால் ஒரு கட்டுக்குக்கூடத் தேறாது. விதையைக் குறை சொல்வோம், வெயிலைக் குறை சொல்வோம். குறை பெரும்பாலும் அந்தப் புட்டியில் இருக்கிறது. சமையலறைக் கழிவிலேயே கீரைக்குப் போதுமான சத்துள்ள கரைசலைச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விளங்கிவிடும். ஒரு கிலோ முளைக்கீரையில் 30 முதல் 40 கிராம் வரை புரதம் இருக்கிறது. புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. ஆகவே ஒரு கிலோ கீரையைப் பறிக்கும் ஒவ்வொரு முறையும் பாத்தியிலிருந்து 5 முதல் 6 கிராம் தழைச்சத்து வெளியே போகிறது. அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த கிலோ வரும்.

இப்போது அந்தப் புட்டியைப் பாருங்கள். காய்கறித் தோலில் 85 சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர். ஒரு கிலோ தோலில் இருக்கும் தழைச்சத்து 2 முதல் 3 கிராம்தான். அதிலும் பாதிக்கு மேல் சக்கையிலேயே தங்கிவிடும். தாய்லாந்திலிருந்து பரவிய பழத்தோல் என்சைமை எடுத்துக்கொண்டால், வெல்லம் ஒரு பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு என்று போட்டு மூன்று மாதம் மூடி வைக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் தோல். அத்தனையும் கரைந்தாலும் லிட்டருக்கு ஒரு கிராம் தழைச்சத்து வராது. அதில் 5 மி.லி. எடுத்து ஒரு லிட்டரில் கலந்து ஊற்றினால் செடிக்குப் போவது 5 மில்லிகிராமுக்கும் கீழே. அந்த என்சைம் நல்ல புளிப்பு. தரை துடைக்கவும் பாத்திரத்தில் ஏறிய கறையைப் போக்கவும் அருமையாக உதவும். கீரைக்கு உரம் என்று அதை நம்பவேண்டாம்.

வாழைப்பழத்தோலில் இருப்பது சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம். பூக்கும், காய்க்கும் செடிகளுக்கு அது கொண்டாட்டம். கீரைக்கும் கொஞ்சம் வேண்டும், ஆனால் தோலும் மண்புழு உரமும் சேர்ந்தே அதைக் கொடுத்துவிடும். கீரைக்காகச் சமையலறையில் தேடவேண்டியது புரதம்.

புரதக் கழிவு எங்கே இருக்கிறது? அசைவம் சமைக்கும் வீட்டில் மீன் கழிவு: செதில், குடல், தலை, செவுள். ஒரு கிலோவில் 24 கிராம் அளவுக்குத் தழைச்சத்து இருக்கும். எட்டுக் கிலோ காய்த்தோலுக்குச் சமம். சைவ வீட்டில் இதைவிடப் பெரிய புதையல் ஒன்று மாதாமாதம் குப்பைக்குப் போகிறது. டப்பாவின் அடியில் வண்டு விழுந்த துவரம்பருப்பு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை. பருப்பில் 22 சதவீதம் புரதம். அதனால் ஒரு கிலோ கெட்ட பருப்பில் 35 கிராம் தழைச்சத்து. காறல் அடித்த வேர்க்கடலையும் இதே கணக்கில் சேரும், ஆனால் எண்ணெய் அதிகம் என்பதால் குறைவாகப் போடவேண்டும். இவை எதுவும் கிடைக்காத வாரத்தில் செக்கிலிருந்து கடலைப் பிண்ணாக்கு வாங்கிக்கொள்ளலாம். அதுவும் எண்ணெய் ஆட்டியதன் கழிவுதான். அதில் தழைச்சத்து 7 சதவீதம், கிலோவுக்கு 70 கிராம்.

கழுநீரை மறக்கக்கூடாது. மாடு இருந்த வீடுகளில் அரிசி களைந்த தண்ணீரையும் பருப்பு கழுவிய தண்ணீரையும் கழுநீர்ப் பானையில் சேர்த்து வைத்தது சும்மா இல்லை. மாடில்லாத வீட்டில் அதே தண்ணீர் இந்தக் கரைசலுக்கு அடித்தண்ணீர். உரம் என்று சொல்லும் அளவுக்குச் சத்து அதில் கிடையாது. ஆனால் நுண்ணுயிர்களுக்கு முதல் தீனி அதுதான், குழாய்த் தண்ணீரில் வரும் குளோரின் தொல்லையும் குறையும். உப்புப் போடாமல் முளைகட்டிய பயறு ஊறிய தண்ணீர் இன்னும் நல்லது.

உள்ளே போகக்கூடாதவையும் உண்டு. மிஞ்சிய சாம்பார், ரசம், குழம்பு, ஊறுகாய், அப்பளம், உப்புப் போட்ட இட்லி மாவு. ஒரு லிட்டர் சாம்பாரில் 8 கிராம் அளவுக்கு உப்பு இருக்கும். ஒருமுறை ஊற்றினால் செடி தாங்கிக்கொள்ளும். பையில் வளரும் செடிக்கு வாரம் தவறாமல் போனால், தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும். பாலக்கீரை உப்பைக் கொஞ்சம் பொறுக்கும். வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் பொறுக்காது, இலை ஓரம் கருகிவிடும். கருவாட்டுக் கழிவும் இதே காரணத்தால் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு உள்ளவை தண்ணீர்மேல் படலமாகப் படர்ந்து காற்றை அடைக்கும். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் ஒன்றிரண்டு போனால் பரவாயில்லை, குவித்துப் போட்டால் அதிலுள்ள எண்ணெய் நுண்ணுயிர்களை முடக்கிவிடும். டீத்தூள் நல்லதுதான், சர்க்கரை போகக் கழுவிவிட்டுப் போடுங்கள்.

இனி அளவு. 20 லிட்டர் வாளி ஒன்று, மூடியோடு. அதில் 10 லிட்டர் கழுநீர் அல்லது ஒரு இரவு திறந்து வைத்த தண்ணீர். அரிவாள்மணையில் பொடியாக நறுக்கிய அல்லது மிக்சியில் ஓரிரு சுற்று விட்ட காய்கறிக் கழிவு 2 கிலோ. கீரைக்காம்பு, முருங்கைக் காம்பு, பீன்ஸ் நார், வாழைப்பூ மடல், பூசணித்தோல் எதுவானாலும் சரி. இதோடு 300 கிராம் கடலைப் பிண்ணாக்கு, அல்லது ஓர் இரவு ஊறவைத்து அரைத்த கெட்ட பருப்பு அரைக் கிலோ, அல்லது முக்கால் கிலோ மீன் கழிவு. மூன்றும் தழைச்சத்துக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான், எது இருக்கிறதோ அதைப் போடலாம். இரண்டு கைப்பிடி மண்புழு உரம். 50 கிராம் வெல்லம். அவ்வளவுதான்.

வெல்லத்தை ஏன் இவ்வளவு குறைக்கச் சொல்கிறேன் என்றால், நிறையப் போட்டால் வாடை வராது, ஆனால் வேலையும் நடக்காது. இனிப்பு கூடினால் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, கரைசல் ஊறுகாய்போலப் புளித்துவிடும். ஊறுகாயில் மாங்காய் கெடாதது எப்படியோ, அப்படியே இதில் புரதமும் உடையாமல் நிற்கும். நமக்குப் புரதம் உடையவேண்டும். அது உடைந்து அம்மோனியமாகி, அந்த அம்மோனியம் பிறகு நைட்ரேட்டாக மாறினால்தான் கீரையின் வேர் தாராளமாக எடுத்துக்கொள்ளும். அதுமட்டுமில்லை. சர்க்கரையைத் தின்று பெருகும் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும். செடிக்கு வரவேண்டியதை அவை தம் உடம்புக்குள் பூட்டிவிடும். வெல்லம் நிறையப் போட்ட கரைசலை ஊற்றிய மறுவாரம் கீரை இன்னும் வெளுப்பது இதனால்தான்.

வாளியை நிழலில் வைத்து, காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஒரு குச்சியால் அடிவரை விட்டு ஒரு நிமிடம் சுழற்றிக் கலக்கவேண்டும். கலக்கிய பிறகு வெள்ளைத் துணியால் வாயை இறுக்கிக் கட்டி, மூடியை அதன்மேல் சாய்த்து வையுங்கள். இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து மூடி எகிறும். திறந்து போட்டால் கொசு முட்டையிடும். டெங்குக் கொசுவுக்கு நம் வாளியை வீடாக்கிவிடக்கூடாது, துணி கட்டுவதில் சோம்பல் வேண்டாம்.

எப்போது தயார் என்று நாளை எண்ணிச் சொல்வதைவிட மூக்கை நம்புவது நல்லது. இரண்டாம் நாள் துணியை அவிழ்த்தால் மேலே வெள்ளை நுரை, புளித்த கள் வாடை. குச்சியை விட்டதும் நுரை பொங்கி ஓரத்துக்கு ஏறும். நான்கு, ஐந்தாம் நாளில் நுரை மெல்லியதாகி மாட்டுத்தொழுவ வாடை வரும். மூத்திரம்போல் கண்ணில் சுரீரென்று ஏறினால் புரதம் உடையத் தொடங்கிவிட்டது என்று பொருள். எட்டு, பத்து நாளில் நுரை அடங்கி, கரைசல் டிக்காஷன் நிறத்துக்கு வரும், வாடை ஈரமண் பக்கம் திரும்பும். அதுதான் பக்குவம். அழுகிய முட்டை வாடை விடாமல் அடித்தால் காற்று போதவில்லை. கலக்குவதைக் கூட்டி, ஒரு கைப்பிடி மண்புழு உரம் சேர்த்தால் இரண்டு நாளில் சரியாகும். பத்து நாளுக்குப் பிறகும் புளிப்பு வாடையே நின்றால் வெல்லம் கூடிவிட்டது. ஒரு கைப்பிடி சலித்த விறகுச் சாம்பலைத் தூவிக் கலக்கி, இன்னும் ஐந்து நாள் விடுங்கள்.

பருத்தித் துணியில் இருமுறை வடிகட்டுங்கள். சக்கை உரக்குழிக்கும் வாழை அடிக்கும் போகட்டும், கீரைப் பாத்திக்கு வேண்டாம். மண்மேல் சக்கை படிந்தால் பூஞ்சையும் சின்னக் கறுப்பு ஈயும் வரும், இளநாற்று தரையோடு அழுகிச் சாயும்.

வடித்த தாய்க்கரைசலில் லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் தழைச்சத்து இருக்கும். ஒரு பங்குக்குப் பத்து பங்கு தண்ணீர் சேர்த்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவு. கீரைக்கு இது வசதியான அளவு, வேரைச் சுடாது. ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு விதைக்கும் முன் 3 முதல் 4 கிலோ நன்றாக மக்கிய உரம் அடியுரமாகப் போய்விட்டால் பாதிச் சத்து அதில் வந்துவிடும். மீதிப் பாதிக்கு, விதைத்த 8-ஆம் நாள், முதல் இரண்டு உண்மையிலை விரிந்ததும் தொடங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் 270 மி.லி. தாய்க்கரைசலை 2.7 லிட்டர் தண்ணீரில் கலந்து பூவாளியால் வேர்ப்பக்கம் ஊற்றவேண்டும். பத்து தடவை ஊற்றினால் 3 கிராம் தழைச்சத்து நெருங்கும். ஒரு வாளிக் கரைசல் மூன்றரை சதுர மீட்டருக்கு ஒரு போகம் வரும். ஒரு மூடி, ஒரு ஸ்பூன் என்று ஊற்றிவிட்டுப் பலன் இல்லை என்பவர்களுக்கு நான் சொல்வது இந்த அளவைத்தான்.

புதிதாகக் கரைசல் தயாரிப்பவர்கள் பாத்தியில் ஊற்றும் முன் வெந்தயத்தில் சோதித்துவிடுவது நல்லது. இரண்டு தட்டில் ஈரத்துணி விரித்து, ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் பத்து மடங்கு கலந்த கரைசல் தெளித்து, இரண்டிலும் இருபது இருபது வெந்தயம் போட்டு மூடி வையுங்கள். மூன்றாம் நாள் வேரைப் பாருங்கள். தண்ணீர்த் தட்டில் வெள்ளை வேர் ஓர் அங்குலம் ஓடியிருக்க, கரைசல் தட்டில் நுனி பழுத்துக் குட்டையாக நின்றால் கரைசல் இன்னும் பச்சை. அமிலமும் அம்மோனியாவும் அடங்கவில்லை. நாலு நாள் கலக்கிவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டு தட்டும் ஒன்றுபோல் இருந்தால் தைரியமாக ஊற்றலாம்.

இதுவரை சொன்னது மண்ணும் மக்கிய உரமும் கலந்த பாத்திக்கும் பைக்கும். அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் மீதி வேலையை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் செய்துவிடும். வெறும் தேங்காய் நார்க்கழிவில் கீரை போடுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. புது நார்க்கழிவில் அந்த நுண்ணுயிர்கள் அனேகமாக இருக்காது, நார்க்கழிவே தழைச்சத்தைக் கொஞ்சம் பிடித்தும் வைத்துக்கொள்ளும். அங்கே நைட்ரேட் ஆக்கும் வேலையை வாளியிலேயே முடித்துக் கொடுக்கவேண்டும்.

அதற்கு மீன்தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டார் ஒன்றும் இரண்டு காற்றுக்கல்லும் போதும். இன்னொரு வாளியில் 15 லிட்டர் தண்ணீர். துணிப்பையில் கட்டிய 300 கிராம் மண்புழு உரம் உள்ளே தொங்கவேண்டும். மோட்டார் இரவும் பகலும் ஓடவேண்டும். இதில் தாய்க்கரைசலை மொத்தமாகக் கொட்டாமல் நாளுக்கு 250 மி.லி. வீதம் பத்து நாள் சேர்க்கவேண்டும். சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. ஒரேயடியாகக் கொட்டினால் அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் காற்றையெல்லாம் உறிஞ்சிவிடும். நைட்ரேட் ஆக்குபவை மெதுவாகப் பெருகும் ஜாதி, மூச்சுத் திணறி நின்றுவிடும். கரிமக் கரைசலை மட்டும் கொடுத்து மண்ணில்லாமல் பயிர் வளர்க்க ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட முறையிலும் மக்கிய உரத்தை வித்தாகப் போட்டு, தீனியைத் தினம் கொஞ்சமாகத்தான் கொடுத்தார்கள்.

முட்டை ஓடு உண்மையில் பயன்படும் இடமும் இதுதான். வெறும் தண்ணீரில் முட்டை ஓடு கரையவே கரையாது. செடியடியில் நொறுக்கிப் போட்டாலும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆனால் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் பிறக்கிறது. அந்த அமிலத்தைத் தணிக்காவிட்டால் கரைசல் புளித்து வேலை பாதியில் நின்றுவிடும். 1 கிராம் தழைச்சத்து மாற ஏறக்குறைய 7 கிராம் சுண்ணாம்புக்கல் செலவாகும். இந்த வாளியில் மாறப்போவது இரண்டரை கிராம் என்றால் 18 கிராம் வேண்டும். மூன்று, நான்கு முட்டையின் ஓடு அவ்வளவு எடை வரும். கழுவிக் காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்து, சின்னத் துணிமூட்டையாகக் காற்றுக்கல் பக்கத்தில் கட்டிவிடுங்கள். அமிலம் பிறக்கப் பிறக்க ஓடு கரையும், கால்சியமும் சேர்ந்து வரும். முட்டை வாங்காத வீட்டில் விறகுச் சாம்பலைத் தினம் ஒரு சிட்டிகை போடலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு வீரியமானது, கொஞ்சம் கூடினாலும் காரம் ஏறித் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும்.

முதல் தடவை இது முடிய மூன்று வாரம் ஆகும். மீன்தொட்டிக் கடையில் விற்கும் சோதனைத் தாளில் நைட்ரைட் (நைட்ரேட்டாகும் முன் வரும் இடைநிலை), நைட்ரேட் இரண்டும் தெரியும். இடையில் நைட்ரைட் கட்டம் நல்ல சிவப்பாக ஏறும், அப்போது செடிக்கு ஊற்றக்கூடாது. அது வெளுத்து நைட்ரேட் கட்டம் மட்டும் சிவந்து நிற்கும்போது எடுக்கலாம். இந்தக் கரைசல் லிட்டருக்கு 130, 140 மில்லிகிராம் தழைச்சத்து வரும், தண்ணீர் கலக்காமல் அப்படியே நார்க்கழிவுப் பைக்கு ஊற்றலாம். வாளியில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் வைத்து அடுத்த சுற்றைத் தொடங்குங்கள். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல, அடுத்தது இந்த மூன்று வாரத்தில் பாதியிலேயே தயாராகும்.

தயாரானதைப் புட்டியில் அடைத்துச் சேமிக்கவேண்டாம். காற்று நின்றதும் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை உடைத்து வாயுவாக்கிவிடும். நாள் முழுக்கக் கரண்ட் போனாலும் இதே இழப்புதான். மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் மண்பாத்தியே மேல்.

மீன் அமிலத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். கொரியாவில் சோ ஹான்-கியூ வகுத்த இயற்கை வேளாண் முறையில் வருவது, தமிழ்நாட்டில் நம்மாழ்வார் வழி வந்த விவசாயிகளிடம் நன்றாகப் பரவியது. ஒரு கிலோ மீன் கழிவு, ஒரு கிலோ வெல்லம், தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டுப் பாத்திரத்தை மூடி, 21 நாள் முதல் ஒரு மாதம். இங்கே வெல்லம் அதிகம் வேண்டும், ஏனென்றால் அது கழிவிலுள்ள நீரை உறிஞ்சி அழுகவிடாமல் காக்கிறது. புரதத்தை உடைப்பது மீன் குடலிலேயே உள்ள நொதிகள். அதனால் குடலைக் கழுவி எறிந்துவிட்டுச் செதிலை மட்டும் போட்டால் கரைசல் இறங்காது. சரியாக வந்தால் தேன்போல் ஓடும், பழ வாடை அடிக்கும். பிண வாடை வந்தால் ஈரம் புகுந்துவிட்டது, வெல்லத்தை இன்னும் கால் கிலோ கூட்டுங்கள். கீரைக்கு லிட்டருக்கு 5 முதல் 10 மி.லி. அதற்குமேல் போனால் இலை கரும்பச்சையாகி, சதை மெலிந்து, அசுவினி வந்து மொய்க்கும்.

தண்ணீரையும் பாருங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா இருந்தால், கலந்த கரைசல் வெறும் தண்ணீரைவிட 500, 600-க்கு மேல் கூடக்கூடாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே 1,500 காட்டும் இடங்களில் மழைநீரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைக் கீரைக்கு ஊற்றவே வேண்டாம். வாரம் ஒருநாள் வெறும் தண்ணீரைப் பையின் அடித்துளை வழியே வழியும்வரை விட்டால் தேங்கிய உப்பு இறங்கும்.

வெளுப்பு எந்த இலையில் தொடங்குகிறது என்று பார்த்தாலே குறை என்னவென்று தெரிந்துவிடும். அடியிலை முழுதும் மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறை, கரைசலைக் கூட்டலாம். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. பெரும்பாலும் சாம்பலோ சுண்ணாம்போ கூடிப்போனதால் வருவது, அப்போது கரைசலைக் கூட்டினால் பயனில்லை.

கடைசி ஐந்து நாள் வெறும் தண்ணீர் மட்டும் விடுங்கள். கீரை தேவைக்குமேல் நைட்ரேட் கிடைத்தால் அதை இலையிலும் தண்டிலும் சேர்த்து வைக்கும். பகல் வெளிச்சத்தில் செடி அதைப் புரதமாக்கிச் செலவழிப்பதால், நல்ல வெயில் அடித்த நாளின் மாலையில் பறிப்பது காலையில் பறிப்பதைவிட நல்லது. மீன் கழிவில் செய்த எந்தக் கரைசலையும் இலைமேல் தெளிக்காதீர்கள். பச்சையாகச் சட்னிக்குப் போகும் கொத்தமல்லி, புதினாவுக்கு அதை ஊற்றவே வேண்டாம், பருப்பில் செய்ததை மண்ணோடு ஒட்டி ஊற்றுங்கள். அறுக்க அறுக்கத் துளிர்க்கும் அரைக்கீரைக்கு, அறுத்த அன்றே ஊற்றாமல் வெட்டுவாய் காய இரண்டு நாள் விட்டு, துளிர் கண்ணில் பட்டதும் மறுபடி தொடங்கலாம்.